ஊருணியைத் தாண்டிய ரயில்

அத்தியாயம் 9

எண்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு ரயில், சந்தனமேரி டீச்சரின் அடுப்படி வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று நவநீதகிருஷ்ணன் தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருந்தான். அதை அளந்து பார்க்க அன்று சாயங்காலம் நாலு மணிக்கு சர்வேயர் வருகிறார். அவர் மட்டும் தலையை ஆட்டிவிட்டால் அடுப்படி, கிணறு, கொல்லை மாமரம் எல்லாம் ஆக்கிரமிப்பு. மிச்சம் டீச்சருக்கு ஒரு வரவேற்பறையும் அதிலிருக்கிற சூசையப்பர் படமும்தான்.

காலை பத்து மணிக்கு வயிரவன் அந்த அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ரயில், இந்தப் பக்கம் வீடு.

"டீச்சர், இன்னும் ரெண்டு பணியாரம் வைங்க. ரயில் வாரதுக்குள்ள சாப்பிட்டு எந்திரிச்சுர்றேன்."

"வயிரவா," என்றாள் ராஜப்ரியா. ஒரே சொல்தான். அதில் மூன்று எச்சரிக்கை இருந்தது.

ராஜப்ரியா பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், தானாகவே தீப்பிடித்த கடைகளையும் தானாகவே காணாமல் போன லாரிகளையும் விசாரித்தவள். இப்போது காரைக்குடியில் ஒரு முறுக்குக் கடை மாடியில் துப்பறியும் நிலையம். வயிரவன் ஆசாரி வீட்டுப் பிள்ளை. உளி பிடிக்க உடம்பு வணங்காததால் பழம்பொருள் கடைத் தெருவில் தரகனாகி, போன வருஷம் செய்த நாற்காலியை இருநூறு வருஷத்து நாற்காலியாக விற்றுக்கொண்டிருந்தான். அவனைப் பிடிக்கப் போனவள்தான் ராஜப்ரியா. பிடித்தவள் விடவில்லை, சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டாள். திருடனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் பூட்டு மிச்சம் என்பது அவள் கணக்கு.

"ரயில் கதையை முதல்லேர்ந்து சொல்லுங்க டீச்சர்," என்றாள் ராஜப்ரியா.

சந்தனமேரி முப்பத்தோரு வருஷம் அறிவியல் நடத்தியவர். கதை சொல்லும்போதும் கையில் சாக்பீஸ் இருக்கிற மாதிரியே விரலை வைத்துக்கொண்டார்.

"கல்லலுக்கும் காளையார்கோவிலுக்கும் நடுவுல இந்தப் பனையேந்தல்ல அப்ப எல்லா நிலமும் ஒரே ஆளோடது. சா.பெ. சாத்தப்ப செட்டியாரு. பர்மாவுல இருந்து வந்தவுக கிணறு வெட்டுனாக. கருப்பா கல்லு வந்துச்சு. நிலக்கரின்னு முடிவு பண்ணிட்டாக. கம்பெனி ஆரம்பிச்சு, நாலு மைலுக்குத் தண்டவாளம் போட்டு, மெயின் லைனோட சேத்து, சீமையில இருந்து ஒரு குட்டி இன்ஜினையும் எறக்கிட்டாக."

"ஒரு கல்லை எடுத்து எரிச்சுப் பாக்கலையா?"

"கப்பல்ல இன்ஜினு வந்த பொறகுதான் பாத்தாக. எரியல. அது நிலக்கரி இல்ல, கிராஃபைட். பென்சிலுக்குள்ள இருக்குமே, அது. அதுலயும் மட்ட ரகம்."

வயிரவனுக்குப் பணியாரம் புரையேறியது. "அப்ப இன்ஜின்ல போட்டா ஓடாது, செவுத்துல கிறுக்குனா எழுதும்!"

"நிலக்கரி ரயிலு கடைசி வரைக்கும் கருவேல வெறகுலதான் ஓடுச்சு. பதினோரு மாசம். அப்புறம் உலகச் சண்டை வந்துச்சு, இரும்புக்கு வெலை ஏறுச்சு, தண்டவாளத்தைப் பேத்து வித்துட்டாக. தண்டவாளம் கிடந்த மேட்டை வெட்டி மண்ணை வயலுக்கு அடிச்சுட்டாக. தனியார் பாதைங்கிறதால சர்க்கார் வரைபடத்துல ஏறவே இல்ல. இப்ப அது எங்குட்டு ஓடுச்சுன்னு சொல்ல ஒரு ஆளு கிடையாது."

"ஆனா மத்த நிலத்தை வித்தப்ப அந்தப் பாதை நிலம் மட்டும் விற்கலை?"

டீச்சர் தன் பத்திரத்தை நீட்டினார். எல்லைகள் எல்லாம் சொல்லி, கடைசியில் ஒரு வரி: ரயில் பாதை நாற்பதடி அகலம் நீங்கலாக.

"ஊருல யாரு பத்திரத்தை எடுத்தாலும் இந்த வரி இருக்கும்மா. ஊருணிக்கு இங்குட்டும் இருக்கும், அங்குட்டும் இருக்கும். செட்டியாரோட பத்திர எழுத்தரு ஒரே ஆளு. ரயிலு போச்சோ போகலையோ, ஒண்ணு போல எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு."

நவநீதகிருஷ்ணனின் சாட்சிகள் இரண்டு. ஒன்று, டீச்சர் வீட்டுக் கிணற்றின் மேல் ராட்டினத்தைத் தாங்கி நிற்கிற இரண்டு தண்டவாளத் துண்டுகள். இன்னொன்று ஒரு போட்டோ.

"தண்டவாளம் எங்க மாமனாரு ஏலத்துல எடுத்தது," என்றார் டீச்சர். "எங்க பள்ளிக்கூட மணியே தண்டவாளத் துண்டுதான்."

"எங்கப்பா பட்டறையில ஆணி தட்டுற கல்லுக்குப் பதிலா அதான் கிடக்கு," என்றான் வயிரவன். "தண்டவாளம் கிடக்கிற எடத்துலயெல்லாம் ரயில் ஓடுச்சுன்னா எங்க வீடு ஜங்ஷன்!"

"அப்ப மிச்சம் போட்டோதான்," என்று ராஜப்ரியா எழுந்தாள். 

வாசல் வரை வந்த டீச்சரின் குரல் இறங்கியது. "அவன் எங்கிட்டப் படிச்சவன்மா. ஏழாம் வகுப்பு. மொத பெஞ்சு. அதான் பயமா இருக்கு. கடைசி பெஞ்சுக்காரன்னா தப்பு விட்டிருப்பான்."

*

ஊருணியின் வடகோடியில் சிவன் கோவில், தென்கோடியில் சூசையப்பர் கோவில். நடுவில் தண்ணீர். டீச்சர் வீடு கிழக்குக் கரை. எதிரே மேற்குக் கரையில் நவநீதகிருஷ்ணனின் 'பிளாக் இன்ஜின் ஹெரிடேஜ் ரிசார்ட்'. ராஜப்ரியாவின் ஸ்கூட்டரில் கரையைச் சுற்றிவர நாலு நிமிஷம்.

வரவேற்புக் கூடத்தை ரயில்வே ஸ்டேஷன் போலவே கட்டியிருந்தான். அறைச்சாவி வாங்குகிற இடத்தில் டிக்கெட் கவுண்டர். சாப்பாட்டுக் கூடத்துக்கு 'இரண்டாம் பிளாட்பாரம்' என்று பலகை. நீச்சல் குளத்தைத் தாண்டிப் புதிதாக ஒரு கட்டடம் பாதியில் நின்றது. கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அது ஏன் நிக்குது?" என்று ராஜப்ரியா கேட்டாள்.

"பேங்க்ல பேப்பர் பாத்துக்கிட்டு இருக்காங்க மேடம். வருவாங்க," என்றான் நவநீதகிருஷ்ணன். கஞ்சி போட்ட கதர்ச் சட்டை. முகத்திலும் கொஞ்சம் கஞ்சி. "போட்டோ பாக்கணும்னு சொன்னீகளே. வாங்க. எனக்கு ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று கேட்காமலே சொல்கிற கடைக்காரனிடம் வயிரவன் துணி கூட எடுக்க மாட்டான்.

போட்டோ ஒரு சுவர் முழுக்கப் பெரிதாக்கப்பட்டிருந்தது. நடுவில் குட்டி இன்ஜின். பெயர்ப்பலகையே தெரியாதபடி மாலை. ஒரு பக்கம் திறந்த மார்பில் பட்டை பட்டையாகத் திருநீறு பூசிய சாத்தப்ப செட்டியார். மறுபக்கம், இந்த வெயிலில் எதற்குப் பிறந்தோம் என்கிற முகத்தோடு, கோட்டும் மேல்பாக்கெட்டில் கைக்குட்டையுமாக ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர். முன்னால் கற்பூரத் தட்டோடு ஓர் ஐயர். பின்னால், தூரத்துப் பனைகளுக்கு மேல் இரண்டு முனைகள். இடது பக்கம் சிலுவை, வலது பக்கம் கோபுர கலசம்.

"இதான் மேடம் விஷயம்," என்று நவநீதகிருஷ்ணன் குச்சி எடுத்துக்கொண்டான். "சர்ச் தெற்கால, கோவில் வடக்கால. கிழக்குக் கரையில நின்னு பாத்தா சர்ச் இடது கைப் பக்கம் தெரியும். மேற்குக் கரையில நின்னா வலது கைப் பக்கம். படத்துல சர்ச் எங்க இருக்கு? இடது. அப்ப இன்ஜின் நிக்கிறது கிழக்குக் கரை. டீச்சர் வீடு. எனக்கு மட்டும் ஆசையா? படிச்சுக் குடுத்த டீச்சர். ஆனா அழகம்மாள் ஆச்சி கம்பெனி வாரிசு. அவுகளுக்காகத்தான் நான் பவர் வாங்கி மனுப் போட்டேன்."

வயிரவன் படத்தை அண்ணாந்து பார்த்தான். ஐயரிடம் போய் அவன் கண் நின்றது.

"ஏக்கா, இது தெறப்பு விழாவா, கருமாதியா?"

"என்ன?"

"ஐயரு பூணூலைப் பாருங்க. வலது தோள்லேருந்து தொங்குது. நல்ல காரியத்துக்கு இடது தோள்லதான போடுவாக? செத்தவுகளுக்கு எள்ளுந் தண்ணியும் விடுறப்பதான் இப்படி மாத்துவாக. ஓடப் போறதுக்கு முன்னாடியே இன்ஜினுக்குத் திவசமா? அந்த ஐயருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, கரி எரியாதுன்னு!"

ராஜப்ரியா சிரிக்கவில்லை. ஆனால் நவநீதகிருஷ்ணன் சிரித்தான். கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

"அன்னைக்கு அமாவாசை. ஐயரு அவுக அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணிட்டு அப்படியே ஓடி வந்திருப்பாரு. மாத்திப் போட மறந்திருப்பாரு."

"அமாவாசைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"பழைய பஞ்சாங்கம் பாத்தேன்."

ராஜப்ரியா போட்டோவை மொபைலில் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி வெளியே வந்தாள். ஸ்கூட்டரை உதைக்கும்போது வயிரவன் காதோரம் சொன்னான்: "நாம விலை கேக்குறதுக்கு முன்னாடியே ஒருத்தன் குறைச்சுச் சொன்னான்னா சரக்குல ஓட்டை இருக்குன்னு அர்த்தம்க்கா. எண்பது வருஷத்துக்கு முந்தின ஐயரோட பூணூலுக்காக எவன் போய்ப் பஞ்சாங்கம் பாப்பான்?"

"உன் வாயில இருந்து இன்னைக்கு ஒரு உருப்படியான வார்த்தை வந்திருக்கு. ஏறு."

"எங்க?"

"போட்டோவோட சொந்தக்காரி வீட்டுக்கு."

*

கொத்தமங்கலத்தில் அழகம்மாள் ஆச்சியின் வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிந்தது. நடுவில் ஆச்சி மட்டும், இரண்டு மொபைலோடு. ஒன்றில் பங்குச் சந்தை, ஒன்றில் மகன் சிங்கப்பூரிலிருந்து. இரண்டும் ஒரே நேரத்தில் அடித்தால் ஆச்சி எதை எடுப்பார் என்பது மகனுக்கே தெரியும்.

"உக்காருங்க. என்ன விக்க வந்தீக?"

"விக்க வரலை ஆச்சி. பாக்க வந்தோம்."

"பாக்க வந்தவுகதான் கடைசியில கதவு நெலையப் பேத்துக்கிட்டுப் போவாக. இந்த மொகத்தை நான் கடைத் தெருவுல பாத்திருக்கேனே." ஆச்சியின் விரல் வயிரவனை நோக்கியது. வயிரவன் பணிவாகக் கூரையைப் பார்த்தான்.

விஷயத்தைச் சொன்னதும் ஆச்சி மொபைலைக் கவிழ்த்து வைத்தார். "எங்க பெரிய அப்பச்சி சாத்தப்ப செட்டியாருக்கு இந்தச் சீமையில என்ன பேரு தெரியுமா? எரியாத கரி. கல்யாண வீட்டுல எங்க வீட்டு ஆளுகளைப் பாத்தா 'எரியாத கரி வந்தாச்சு'ம்பாக. அந்தத் தம்பி வந்து, ரயிலைத் திருப்பி ஓட விடுறேன், அப்பச்சி பேரை வைக்கிறேன்னுச்சு. பவர் எழுதிக் குடுத்தேன். ஒரு டீச்சரு வீட்டை இடிச்சுத்தான் ஓட்டும்னு சொல்லலையே."

"படம் இங்க இருக்கா?"

இருந்தது. நடு முற்றத்து வளவில், தேக்குச் சட்டத்தில். வயிரவன் ஓடிப்போய்ப் பார்த்தான். பூணூல் இங்கேயும் வலது தோளில். சர்ச் இங்கேயும் இடது பக்கம். ரிசார்ட்டில் இருந்தது எதுவோ அதுவேதான் இங்கேயும். அவன் முகம் தண்ணீர் ஊற்றிய அடுப்பானது.

"போச்சு. ஐயரு நெசமாவே மறந்துட்டாரு போலக்கா. படத்தைத் திருப்பிப் போட்டிருப்பான்னு நெனச்சேன். ஆச்சி வீட்டுலயும் அப்படியேல்ல இருக்கு?"

ராஜப்ரியா ஆச்சி கொடுத்திருந்த காபி டம்ளரைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்புக்குக் கீழே 'சா.பெ.' என்று வெட்டியிருந்தது. தட்டிலும் வெட்டியிருந்தது. உட்கார்ந்திருந்த பலகையின் அடியிலும். செட்டிநாட்டில் இது வழக்கம். கல்யாணச் சீரில் வருகிற கரண்டி முதல் கழுவுகிற அண்டா வரை வீட்டு எழுத்து வெட்டாமல் ஒரு பொருள் உள்ளே வராது. 

"ஆச்சி, இந்த வீட்டுல எழுத்து இல்லாத சாமான் ஏதாவது உண்டா?"

"தொடப்பக் குச்சியத் தவிர எல்லாத்துலயும் உண்டு. தொடப்பத்துலயும் எங்கத்தா பெயிண்டுல எழுதி வச்சாக."

"வயிரவா, படத்தை எறக்கு. திருப்பு."

படத்தின் பின்பலகை மொட்டையாக இருந்தது. சட்டத்தின் நாலு பக்கமும் தடவினான். எழுத்து இல்லை. ஆச்சி எழுந்தே வந்துவிட்டார். "இருந்துச்சே! பின்னால கம்பியக் காய்ச்சி எழுத்தைச் சுட்டு வச்சிருக்கும். நானே பாத்திருக்கேன்."

வயிரவனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தை மூக்கருகே கொண்டுபோனான். விரலை நக்கித் தேய்த்து, மறுபடி நக்கினான். பத்து வருஷம் இதே வேலை பார்த்த நாக்கு.

"டீத்தண்ணி! நயம் டஸ்ட் டீ, மூணு பூச்சு, மேல வேப்பெண்ணெய். இது ஆறு மாசத்துச் சட்டம்க்கா. வேலை பரவாயில்ல. ஆனா நானா இருந்தா பின்னாலயும் எழுத்து வெட்டியிருப்பேன்."

"படத்தை யாராவது வெளியே கொண்டு போனாகளா ஆச்சி?"

"அந்தத் தம்பிதான். தூசி தட்டி, புதுக் கண்ணாடி போட்டுத் தாரேன்னு வாங்கிட்டுப் போச்சு. நாலு நாள்ல குடுத்துருச்சு."

"படம் மாறினது தெரியலையா?"

"நித்தம் தொங்குற படத்தை யாரு தாயி பாப்பா? விளக்கு வச்சுட்டுப் போயிருவோம்."

"அசலை அவன் எடுத்துக்கிட்டான்," என்றான் வயிரவன் உற்சாகமாக. அடுத்த நொடியே தொங்கிப்போனான். "ஆனா அசல் கையில இல்லாம அது வேற மாதிரி இருந்துச்சுன்னு எப்படி நிரூபிக்கிறது? அவன் அமாவாசைன்னு சொல்லிட்டு வெத்தலை போட்டுக்கிட்டு நிப்பான்."

ராஜப்ரியா பவர் பத்திரத்தையும் மனுவின் நகலையும் வாங்கிப் படித்தாள். இரண்டு முறை. அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். 

"வயிரவா, போய் ஸ்கூட்டரை நிழல்ல போடு."

"நிழல்லதான இருக்கு?"

"வேற நிழல்ல."

அவன் திரும்பி வந்தபோது ஆச்சியும் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க வயிரவனுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. நல்ல விலைக்குச் சரக்கு படிந்தால் மட்டுமே பழம்பொருள் கடைத் தெருவில் அப்படிச் சிரிப்பார்கள்.

*

நாலு மணிக்கு டீச்சர் வீட்டுக் கொல்லையில் கூட்டம். சர்வேயர் சத்தியமூர்த்தி சங்கிலியும் டேப்பும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நவநீதகிருஷ்ணன் போட்டோவின் ஒரு பிரதியைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். கூடவே, மிச்சக் கோடு போட ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட். டீச்சர் கிணற்றுத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படம் தெளிவா இருக்கு மேடம்," என்றார் சத்தியமூர்த்தி. "சர்ச் இடது பக்கம். அப்ப கிழக்குக் கரைதான். வேற ஆதாரம் இல்லாதப்ப நான் என்னன்னு எழுதட்டும்?"

"ஐயர் பூணூல் வலது தோள்ல இருக்கே சார்."

"அமாவாசை," என்றான் நவநீதகிருஷ்ணன். "அதை மேடத்துக்குக் காலையிலேயே சொல்லிட்டேன்."

"சரி," என்றாள் ராஜப்ரியா. "ஐயர் செத்தவுகளுக்காகப் பூணூலை மாத்தினாரு. ஒத்துக்கறேன். பக்கத்துல நிக்கிற வெள்ளைக்காரர் எந்தச் செத்தவருக்காகப் பாக்கெட்டை மாத்தினாரு?"

ராஜப்ரியா படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"கோட்டுல கைக்குட்டை எட்டிப் பாக்குது பாருங்க. வலது மார்புல இருக்கு. உலகத்துல எந்தத் தையக்காரரும் மேல்பாக்கெட்டை இடது பக்கம்தான் தைப்பாரு."

கொல்லையில் இருந்த அத்தனை ஆண்களும் ஒரே நேரத்தில் குனிந்து தத்தம் சட்டையைப் பார்த்தார்கள். சர்வேயர் பாக்கெட் இடது. வயிரவன் பாக்கெட் இடது, காலி. நவநீதகிருஷ்ணன் மட்டும் குனியவில்லை. கை மாத்திரம் தானாக இடது மார்புக்குப் போனது.

"டீச்சர், முகம் பாக்கிற கண்ணாடி இருக்கா?"

டீச்சர் கொண்டுவந்த கண்ணாடிக்கு நேரே ராஜப்ரியா படத்தைப் பிடித்தாள். கண்ணாடிக்குள் வெள்ளைக்காரரின் கைக்குட்டை இடது மார்புக்குத் திரும்பியது. ஐயரின் பூணூல் இடது தோளில் ஏறியது. இன்ஜினின் திவசம் முடிந்து திறப்பு விழா ஆரம்பித்தது. பின்னால் பனைகளுக்கு மேல் சிலுவை நகர்ந்து வலது பக்கம் போய் நின்றது.

"வலது!" என்றார் சத்தியமூர்த்தி. "அப்ப மேற்குக் கரை."

"படத்தைப் பொரட்டிப் போட்டு, ரயிலைத் தூக்கி ஊருணிக்கு இங்குட்டு வச்சுட்டான் சார்!" என்றான் வயிரவன். "நானும் எத்தனையோ திருட்டு பாத்திருக்கேன். நாலு மைல் ரயிலை நகத்துனவனை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

டீச்சர் கிணற்று மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தன் பழைய மாணவனை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணாடியில இடம் வலமா மாறும்னு நான்தான்டா நடத்துனேன். நல்லாத்தான் படிச்சிருக்க."

நவநீதகிருஷ்ணன் ஒரு நிமிஷத்தில் கஞ்சியை மீட்டுக்கொண்டான். "பிரிண்ட் போட்டவன் தப்பு பண்ணியிருக்கான். எனக்கு என்ன தெரியும்? மனுவை வாபஸ் வாங்கிக்கறேன். மேற்குக் கரைன்னா மேற்குக் கரை. அங்க இருக்கிறது என் எடம்தான். எனக்கு என்ன நட்டம்?"

"அதைத்தான் நானும் காலையில இருந்து யோசிச்சேன்," என்றாள் ராஜப்ரியா. "டீச்சர், இவர் உங்க நிலத்தைப் பறிக்க வந்தாருன்னு நாம நெனச்சோம். இல்ல. தன் நிலத்தைக் காப்பாத்திக்க வந்திருக்காரு. இவரு பத்திரத்துலயும் 'ரயில் பாதை நீங்கலாக'ன்னு ஒரு வரி இருக்கும்ல? பேங்க் வக்கீல் அந்த வரியில விரலை வச்சுட்டாரு. அதான் கட்டடம் பாதியில நிக்குது. அந்த நாற்பதடி எங்கயாவது இருந்தே ஆகணும். ரிசார்ட்டுக்குள்ள இருக்கக் கூடாது. மிச்சம் யாரு? ஊருணிக்கு எதிர்க்கரை."

"ஊகம்," என்றான் அவன்.

"ஊகம்தான். ஆனா மனு ஊகம் இல்ல. 'சா.பெ. ரயில் கம்பெனியின் நாற்பதடிப் பாதை எங்கு ஓடினாலும் அது வாரிசு அழகம்மாள் ஆச்சிக்கே பாத்தியம். அதன் மேலுள்ள கட்டடம் எதுவானாலும் ஆக்கிரமிப்பு.' கீழ யாரு கையெழுத்து?"

கொல்லைக் கதவருகே ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அழகம்மாள் ஆச்சி இரண்டு மொபைலையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, மறுகையில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, கோழிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஆச்சி, நீங்க எதுக்கு இந்த வெயில்ல..." என்று நவநீதகிருஷ்ணன் ஆரம்பித்தான்.

"பவரை ரத்துப் பண்ணப் பத்திரம் எழுதியாச்சு தம்பி. நாளைக்குப் பத்தரை மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீசுல டோக்கன். அதுக்கு முன்னால எங்க அப்பச்சி நிலத்தை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். வர்ற வழியில உங்க ஸ்டேஷன்ல எறங்கினேன். நல்லாத்தான் கட்டியிருக்கீக."

"ஆச்சி, உக்காந்து பேசுவோம். என்ன வேணும்னு சொல்லுங்க."

"பேசுறதுக்கு என்ன இருக்கு? டிக்கெட் கவுண்டர் என் எடத்துல இருக்கு. இரண்டாம் பிளாட்பாரமும் அப்படித்தான் தெரியுது. குளத்துல எத்தனை அடி என்னுதுன்னு இந்தச் சாரு அளந்து சொல்லட்டும்." ஆச்சி குரலை உயர்த்தவே இல்லை. "மொதல்ல எங்க வீட்டுப் படம். எழுத்து சுட்ட படம். விளக்கு வைக்கிறதுக்குள்ள அந்த ஆணியில தொங்கணும். ரெண்டாவது, நீங்க சொன்ன வாக்கு. ரயிலுக்கு அப்பச்சி பேரு வைக்கிறேன்னீகளே. இனிமே அந்த ரிசார்ட்டு வாசல்ல எங்க அப்பச்சி பேரு இருக்கும். பெரிய எழுத்துல. சாத்தப்ப செட்டியார் ஸ்டேஷன். மத்ததை வக்கீலை வச்சுப் பேசுவோம்."

"பேரு மட்டும் போதுமா ஆச்சி?" என்று வயிரவன் ஆசையோடு கேட்டான். "கீழ 'எரியாத கரி'ன்னு..."

ஆச்சி அவனைப் பார்த்த பார்வையில் அவன் மீதிச் சொல்லை விழுங்கினான். ஆனால் ஆச்சியின் வாயோரம் கொஞ்சம் நெளிந்தது.

"போடலாம்," என்றார் ஆச்சி. "எரியலைன்னாலும் எண்பத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தன் வயித்துல எரிய வச்சுருச்சுல்ல?"

சத்தியமூர்த்தி சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஊருணிக் கரையைப் பார்த்து நடந்தார். ஆச்சி பின்னால். ஆச்சிக்குப் பின்னால், நடக்க மனமில்லாமலும் நிற்க முடியாமலும், நவநீதகிருஷ்ணன்.

அவன் வாசலைத் தாண்டும்போது சந்தனமேரி டீச்சர் கூப்பிட்டார்.

"டேய், நவநீ."

முப்பது வருஷத்துப் பழக்கம். அவன் அறியாமலே கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றான்.

டீச்சர் குனிந்து அந்தச் சிவப்பு பெயிண்ட் டப்பாவை எடுத்தார். மூடியை அழுத்தி மூடி, பிரஷை மேலே வைத்து, அவன் கட்டின கையைப் பிரித்துக் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போ. அங்குட்டு நாற்பதடிக்குக் கோடு போடணும்ல."